இ-ஆதார் பிடிஎஃப்ல டிஜிட்டல் கையெழுத்துக்குப் பச்சை டிக் வரலயா? க்ரோம்ல பிரின்ட் போட்டு சேவ் பண்ணதான்னு முதல்ல பாருங்க

தம்பிக்கு எஜுகேஷன் லோன் போட்டிருந்தோம், மத்த பேப்பரெல்லாம் ஓகே ஆயிருச்சு, இ-ஆதார்ல வந்து மாட்டிக்கிச்சு. பேங்க்ல இருந்தவர் பிரின்ட்ட பாத்துட்டு "மேடம், கையெழுத்துல கேள்விக்குறி இருக்கு, பச்சை டிக்கோட எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். அது எப்படி சார் வரவைக்கறதுன்னு கேட்டா "டவுன்லோட் பண்ண இடத்துல கேளுங்க"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். எனக்குத் தெரியாதும்மான்னாவது சொல்லியிருக்கலாம், அந்தக் கோவம் இன்னும் போகல.

பிரவுசிங் சென்டர்ல இருந்த பையனோ "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா வரும்"ங்கறான். சரின்னு ஃபைலை பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து வீட்டு கம்ப்யூட்டர்ல அடோபி ரீடர்ல திறந்து, அந்தக் கேள்விக்குறிய ரைட் கிளிக் பண்ணி வேலிடேட் பண்ணணும்னு சொல்றாங்களே அதைப் பண்ணிப் பாத்தேன். ம்ஹூம், எத்தனை கிளிக் பண்ணாலும் ஒண்ணும் வரல. ரொம்ப நேரம் மல்லுக்கட்டின பிறகுதான் உறைச்சுது, இந்த ஃபைல் பாஸ்வேர்டே கேக்கலயே! இ-ஆதார்னா திறக்கும்போது பாஸ்வேர்டு கேக்கணும்ல?

நடந்தது இதுதான். பையன் ஒரிஜினலை க்ரோம்ல திறந்து, பாஸ்வேர்டு தொல்லை வேண்டாம்னு பிரின்ட் குடுத்து "சேவ் ஆஸ் பிடிஎஃப்" போட்டிருக்கான். அப்படிப் பண்ணா பாஸ்வேர்டு போயிரும், கூடவே டிஜிட்டல் கையெழுத்தும் போயிரும். பாக்க அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கும், ஆனா அந்தக் கேள்விக்குறி இப்போ வெறும் படம், அதை என்ன கிளிக் பண்ணாலும் டிக் ஆகாது. க்ரோம் கையெழுத்தை சரிபார்க்கவும் செய்யாது, அதனால அதுலயே வச்சுப் பாத்துட்டு இருந்தா கண்டுபிடிக்கவே முடியாது.

திரும்ப டவுன்லோட் பண்ணணும்னா ஓடிபி தம்பி நம்பருக்குத்தான் போகும், அவன் ஹாஸ்டல்ல, கிளாஸ் முடியற வரைக்கும் காத்திருந்து வாங்கினேன். அப்புறம் பாஸ்வேர்டு. பேர்ல முதல் நாலு எழுத்து கேபிடல்ல, பின்னாடி பிறந்த வருஷம், அது எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர் ஆளுங்களுக்கு இனிஷியல் முன்னாடி இருக்குமே, அங்கதான் சிக்கல். ஆதார்ல பேர் பி. குமார்னு இருந்தா பி, புள்ளி, கே, யூ, இதுதான் நாலு எழுத்து. புள்ளியும் கணக்குல வரும், நடுவுல இருக்கற ஸ்பேஸ் வராது.

க்ரோம் தானா திறந்துக்கறதை நிறுத்த செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், கீழ அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ், அங்க "டவுன்லோட் பிடிஎஃப்ஸ்" வச்சிருங்க. இல்லன்னா திறந்த பக்கத்துல மேல வலது பக்கம் இருக்கற அம்புக்குறிய அழுத்தி சேவ் பண்ணுங்க, பக்கத்துல இருக்கற பிரின்டர் படத்தைத் தொடாதீங்க.

ஒரிஜினலை ரீடர்ல திறந்தேன், கேள்விக்குறிய கிளிக் பண்ணதும் விண்டோ வந்துச்சு பாருங்க, அப்பாடான்னு இருந்துச்சு! சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், இடது பக்க லிஸ்ட்ல சிசிஏ இந்தியான்னு (டிஜிட்டல் சர்டிஃபிகேட்டுக்கான அரசு அமைப்பு) இருக்கான்னு பாத்துக்கிட்டு, ட்ரஸ்ட் டேப்ல ஆட் டு ட்ரஸ்டட் குடுத்து, கடைசியா வேலிடேட் சிக்னேச்சர். பச்சை டிக் வந்துருச்சு. இந்த ட்ரஸ்ட் நீங்க பண்ண கம்ப்யூட்டர்ல மட்டும்தான் நிக்கும், ஃபைலை மெயில்ல அனுப்பினா அவங்க மெஷின்ல திரும்ப கேள்விக்குறிதான் காட்டலாம், அதனால டிக் வந்த கையோட ரீடர்ல இருந்தே பிரின்ட் எடுத்துருங்க. நான் அப்படித்தான் கொண்டு போனேன், அதே ஆள் பேசாம வாங்கி ஃபைல்ல சேத்துக்கிட்டார்.

சில அப்ளிகேஷன் சைட்ல பாஸ்வேர்டு இருக்கற பிடிஎஃப்பை ஏத்த விடாது, அங்க மட்டும் பிரின்ட் போட்ட காப்பிய வேற பேர்ல வச்சுக்கங்க, ஒரிஜினலை அழிச்சிராதீங்க. வெளி சென்டர்ல எடுத்தீங்கன்னா கிளம்பறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ஜே அழுத்தி டவுன்லோட்ஸ் லிஸ்டைப் பாத்து, ஃபோல்டர்ல இருக்கற ஃபைலையும் ரீசைக்கிள் பின்னையும் சேத்து காலி பண்ணுங்க. அந்தப் பையன் சிஸ்டத்துல யார் யாரோ ஆதாரெல்லாம் அப்படியே கிடந்துச்சு.