19 நாள் கழித்து

எக்செல் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றைத் தயார் செய்தபோது எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பெருமை: நேரக் கட்டாயம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மணி அடித்தால் பாடத்தைப் பாதியில் நிறுத்திப் பழகிய எனக்கு அது பெரிய சலுகையாகத் தெரிந்தது. மாணவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆர்வமாகச் சேர்ந்தார்கள், முதல் இரண்டு பாடம் பார்த்தார்கள், அப்புறம் காணாமல் போனார்கள்.

ஆறுதல் தேடினால் கிடைக்கும். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய வகுப்புகளைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் அவற்றில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அதற்கும் வெகுமுன்பே, 1960-களில், உளவியல் பேராசிரியர் பிரெட் கெல்லர் அவரவர் வேகத்தில் படிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அதிலும் பெரிய தலைவலி, மாணவர்கள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு தேர்வையும் உடனுக்குடன் திருத்திப் பேச, பாடத்தை ஏற்கெனவே முடித்த மாணவர் ஒருவர் இருந்தார். என் வகுப்பில் பச்சை நிறத்தில் ஒரு சதவீதப் பட்டை மட்டும் இருந்தது.

முதலில் வீடியோவில் கை வைத்தேன். 38 நிமிடப் பாடத்தை ஆறு துண்டாக வெட்டினேன். பார்ப்பது கூடியது, பயிற்சி செய்வது கூடவில்லை. பேட்ஜும் கொடுத்துப் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியில், பாதியில் நின்றவர்கள் சிலருக்குப் போன் செய்தேன். அதில் ஒருவர் இரவுப் பணி பார்க்கும் பெண். கொஞ்சம் தயங்கித்தான் பேசினார். "நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் சார். என்.ஏ.ன்னே வருது. ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்தேன். நமக்கு இதெல்லாம் வராதுன்னு விட்டுட்டேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பயிற்சிக் கோப்பைத் திறந்தேன். ஒரு பெயரின் வாலில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டியலில் பெயரைத் தேடி எடுக்கும் விலுக்அப் சூத்திரத்துக்கு அது வேறு பெயர். அதனால்தான் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும் அந்த என்.ஏ. நான் தட்டியதுதான். வகுப்பறையாக இருந்தால் மூன்றாவது பெஞ்சில் ஒரு முகம் சுளித்ததுமே பிடித்திருப்பேன்.

அதைவிட உறுத்தியது அவர் அடுத்துச் சொன்னது. "நடுவுல ஒருநாள் திரும்பி வந்தேன் சார். 19 நாள் ஆயிருந்துச்சு. வீடியோ பாதியிலேர்ந்து ஓட ஆரம்பிச்சுது. எதுக்கு எதுன்னே புரியல. மூடிட்டேன்."

போகிறவர்களைப் பிடித்து வைக்கவே அவ்வளவு யோசித்திருக்கிறேன். திரும்பி வருபவருக்கு ஒரு வாசலே வைக்கவில்லை. போதாக்குறைக்கு, "நீங்கள் 19 நாட்களாக வரவில்லை" என்று தானாகப் போகும் மெயில் வேறு. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது மாதிரி.

இப்போது ஒரு வாரத்துக்கு மேல் வராதவர் உள்ளே நுழைந்தால் வீடியோ ஓடாது. கடைசியாக என்ன செய்தார் என்று மூன்று வரி, அதிலிருந்து ஒரு சின்னக் கேள்வி. மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் அதிகம் தங்குகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மெயிலிலும் அந்தக் கேள்வி மட்டும்தான் போகிறது, நாள் கணக்கு கிடையாது. பயிற்சிக்குக் கீழே 'மாட்டிக்கொண்டேன்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் அவர் போட்ட கோப்பு அப்படியே எனக்கு வரும். முதல் வாரம் வந்தவற்றில் பாதி என் தவறுகள்.

அந்த ஸ்பேஸை மட்டும் நீக்கவில்லை. வேலையில் வரும் கோப்புகள் அப்படித்தான் இருக்கும். அதற்கு அடுத்து, இப்படி ஒட்டிக்கொள்ளும் ஸ்பேஸை நீக்கும் டிரிம் சூத்திரம் பற்றி இரண்டு நிமிட வீடியோ சேர்த்தேன்.

கெடு வைத்தால் எல்லாரும் முடிப்பார்கள் என்பது உடன் வேலை செய்பவரின் கட்சி. இருக்கலாம். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வருபவருக்குக் கெடு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகும் ஒருமுறை காணாமல் போனார், இந்தத் தடவை 40 நாள். திரும்பி வந்த அன்று கேள்விக்குத் தவறான விடையை அழுத்தி, சரியானதைப் பார்த்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறார்.