கட்டணம் நீங்கிய பிறகும் மிஞ்சும் செலவுகள்

பள்ளிக் கட்டணத்தை ஒரு நாடு நீக்கிவிட்டால் அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் படித்துவிடுவார்கள் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அது முற்றிலும் தவறான நம்பிக்கையும் அன்று. 2003 ஜனவரியில் கென்ய அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். மறு ஆண்டில் 84 வயதான கிமானி மருகே என்ற முதியவரும் சிறுவர்களோடு முதல் வகுப்பில் வந்து அமர்ந்தார். அதுவரை அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது கல்வியில் ஆர்வமின்மை அன்று, வறுமைதான்.

ஆனால் சேர்வது வேறு, தொடர்ந்து வருவது வேறு. 1994இல் மலாவி கட்டணத்தை நீக்கியதும் மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறத்தாழ பத்து லட்சம் கூடியது. அவர்களுக்குப் பாடம் சொல்லப் போதிய பயிற்சி இல்லாதவர்களையே ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டியிருந்தது. வீட்டிலோ சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம், தேர்வுக்கான பணம் என்று செலவுகள் அப்படியே காத்திருக்கின்றன. நோயும் ஒரு தடைதான். கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வொன்று, குடற்புழு மாத்திரை கொடுத்ததால் பிள்ளைகள் வராமல் போவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டது. அந்தக் கணக்கைப் பின்னர் சரிபார்த்தவர்கள் சில பிழைகளைச் சுட்டியிருக்கிறார்கள். ஆயினும் பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு காரணத்தைத் தேடிப்போன அந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வங்கதேசம். கிராமப்புறப் பெண்களின் உயர்நிலைக் கல்விக்காக 1994இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட உதவித்தொகைத் திட்டத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன: நூற்றுக்கு 75 நாள் வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், திருமணமாகாதிருத்தல். மூன்றாவது நிபந்தனையைப் படித்தபோதுதான், மகளைச் சிறுவயதில் மணமுடித்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு எதிராக அந்தச் சிறு தொகை பெற்றோருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. திருமணத்தைத் தள்ளிப்போட விரும்பும் தாய்க்கு, உறவினர்களிடம் சொல்ல அது ஒரு பதில்.

நானும் சில ஆண்டுகளாக ஒரு சிறுமியின் படிப்புக்குப் பணம் அனுப்பி வருகிறேன். முதல் ஆண்டு புத்தகங்களுக்கு மட்டும் அனுப்பினேன், ஏனெனில் படிப்பு என்றால் புத்தகம் என்பதே என் எண்ணமாக இருந்தது. அவள் வாரத்தில் இரண்டு நாள் வராமல் போனது ஆண்டின் இறுதியில்தான் தெரிந்தது; தாய் கூலி வேலைக்குப் போகும் நாள்களில் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. புத்தகங்கள் அலமாரியில் புதிதாகவே இருந்தன. அதைக் கேட்டு நான் வருந்தியது உண்மை. கேட்காமலேயே ஓராண்டைக் கழித்துவிட்டேன் என்பதற்காக இன்னும் அதிகம் வருந்தினேன். இப்போது அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் சிறு ஊதியத்துக்கு அந்தக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்கிறார், என் பணத்தில் பாதி அவருக்குத்தான் போகிறது. அடுத்த ஆண்டு அவள் மேல்வகுப்புக்குப் போகிறாள், பள்ளி தொலைவில் இருக்கிறது. எப்படிப் போவாள், யாரோடு போவாள் என்று கேட்டு நேற்று எழுதியிருக்கிறேன்.