ஸ்க்ரூடிரைவரும் ஐந்து பிளேடும்

சலவைத்தூள் பெட்டியைத் திறப்பது சுலபமாக இருக்கிறதா என்று, வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) கம்பெனிக்காரர்கள் பெண்களிடம் கேட்டார்களாம். சுலபம்தான் என்று பதில் வந்தது. வீட்டுக்கே போய்ப் பார்த்தால், நகம் உடைந்துவிடக் கூடாதே என்று ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் எதுதான் சுலபமில்லை!

இந்தக் கதையைச் சொன்னவர் அந்தக் கம்பெனியின் சிஇஓவாக இருந்த ஏ.ஜி. லாஃப்லி. பெரிய கம்பெனியை ஒரு சிஇஓ எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று பேச்சு வரும்போதெல்லாம் இவர் பெயர் வந்துவிடும், நியாயமாகவே வரும். ஆனால் பெரும்பாலும் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதிதான் எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லாபம் குறையும் என்று பி அண்ட் ஜி அறிவித்தது, ஒரே நாளில் பங்கு விலை 30 சதவீதம் போல விழுந்தது. அப்போது சிஇஓவாக இருந்தவர் டர்க் யாகர். மோசமான மனிதர் இல்லை, அவசரக்காரர். கம்பெனியின் அமைப்பை அடியோடு மாற்றுவது, ஆயிரக்கணக்கில் ஆள் குறைப்பது, புதுப்புதுப் பொருள்களைச் சந்தையில் இறக்குவது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார். பதினேழே மாதத்தில், அந்த ஜூனில், பதவி போனது. அந்த இடத்துக்கு வந்த லாஃப்லி 1977-லிருந்து அங்கேயே வேலை பார்த்தவர், மெதுவாகப் பேசுகிறவர், வெளியில் அதிகம் பேர் கேள்விப்படாதவர். அவர் பெயரை அறிவித்த பிறகும் பங்கு விலை சரிந்துகொண்டேதான் இருந்தது.

அவர் செய்ததைக் கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். புதுசாக எதையாவது கண்டுபிடி என்று ஊழியர்களை விரட்டவில்லை. ஏற்கெனவே வருடத்துக்கு ஆளுக்கொரு பில்லியன் டாலருக்கு விற்கும் டைட், பாம்பர்ஸ் மாதிரியான பத்து பிராண்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்றுக் காட்டுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். சின்சினாட்டி தலைமையகத்தில் பதினோராவது மாடி பெரியவர்களுக்கான மாடி. மரப்பலகை பதித்த அறைகள், கனமான அமைதி. அங்கே இருந்த பிரிவுத் தலைவர்களைக் கீழே இறக்கி அவரவர் ஆட்களோடு உட்கார வைத்தார், காலியான இடத்தில் ஒரு பகுதி பயிற்சிக்கூடம் ஆனது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தலைவர் மாறியபோது முதலில் மாறியது சுவரில் ஒட்டியிருந்த லட்சிய வாசகம். இங்கே மாறியது நாற்காலி. இரண்டுக்கும் வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நுகர்வோர்தான் முதலாளி என்பது அவருடைய மந்திரம். இதை எல்லாக் கம்பெனியும்தான் சொல்கிறது. இவர் ஆட்களை மக்களின் வீடுகளில் கொண்டுபோய்த் தங்க வைத்தார், கடைகளில் வேலை பார்க்க வைத்தார். அப்படி மெக்சிகோவில் கிடைத்த ஒரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே வருமானம் குறைந்த குடும்பங்களில் துணி வெளுப்பது என்பது பெண்களுக்குக் கௌரவப் பிரச்சினை. வாஷிங் மெஷின் இல்லாத வீட்டில்கூடத் துணியை மென்மையாக்கும் திரவம் வாங்குகிறார்கள். ஆனால் தண்ணீர்? பல வீடுகளில் வாளியில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். துவைத்து, அலசி, மறுபடி அலசி, திரவத்தில் முக்கி, திரும்பவும் இரண்டு தடவை அலசி என்று ஒவ்வொரு அலசலுக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரே அலசலில் வேலை முடிகிற மாதிரி டவுனி திரவத்தில் ஒரு வகையைத் தயாரித்து 2004-ல் விற்பனைக்கு விட்டார்கள், நன்றாகப் போனது. அதை வாங்குகிறவருக்கு இடுப்பு வலியும் நேரமும் மிச்சம். இது ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தால் வரும் யோசனை இல்லை, யாராவது அந்தக் கொல்லைப்புறத்தில் நின்று வாளியை எண்ணியிருக்க வேண்டும்.

வெளியாட்களின் யோசனைகளையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். புதுப் பொருள்களில் பாதியாவது வெளியிலிருந்து கிடைத்த யோசனையைத் தொட்டு வர வேண்டும் என்பது லாஃப்லி வைத்த இலக்கு. அப்போது அவர்களுடையதாக இருந்த பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் மேல் எழுத்தும் படமும் அச்சடிக்க ஆசைப்பட்டார்கள். அந்தத் தொழில்நுட்பம் இத்தாலியில் போலோன்யாவில், ஒரு பேராசிரியர் நடத்திய சின்ன பேக்கரியில் தயாராக இருந்தது. ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கம்பெனி ஒரு பேக்கரியிடம் கேட்டு வாங்குவதற்குத் தலைவர் முதலில் கௌரவத்தை விட வேண்டும்.

2009-ல் அவர் சிஇஓ நாற்காலியை விட்டபோது விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்கு, பில்லியன் டாலர் பிராண்டுகளும் இரண்டு மடங்குக்கு மேல். சாதாரணமாகக் கதை இங்கே முடியும், கைதட்டலோடு.

ஆனால் அந்த இரண்டு மடங்கில் ஒரு பெரிய பகுதி மற்ற கம்பெனிகளை வாங்கிச் சேர்த்ததால் வந்தது. 2001-ல் தலைமுடிச் சாயம் விற்கும் கிளெய்ரால், 2003-ல் தலைமுடிப் பராமரிப்புப் பொருள்கள் விற்கும் வெல்லா, 2005-ல் 57 பில்லியன் டாலருக்கு ரேசர் கம்பெனியான ஜில்லெட், அதோடு சேர்ந்து வந்த டியூராசெல் பேட்டரி. அடுத்து வந்த பாப் மெக்டொனால்டால் இந்தப் பெரிய குடும்பத்தைக் கட்டி மேய்க்க முடியவில்லை. 2012-ல் பில் ஆக்மன் என்ற முதலீட்டாளர் பங்கு வாங்கிக்கொண்டு வந்து நெருக்கினார், 2013-ல் லாஃப்லியையே திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? விற்க ஆரம்பித்தார். நூறு பிராண்டு வரைக்கும் கழற்றிவிடப் போகிறோம் என்று 2014-ல் அறிவித்தார். டியூராசெல் வாரன் பஃபெட்டின் கம்பெனிக்குப் போனது. வெல்லா, கிளெய்ரால் உள்பட அழகுப் பொருள் பிராண்டுகள் மொத்தமாகக் கோட்டி கம்பெனிக்கு. தான் ஆசையாக வாங்கியதைத் தானே மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார்! இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தன் கணக்கைத் தானே அழித்து எழுதும் சிஇஓ எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதே சமயம் மெக்டொனால்டுக்கு மட்டும் கெட்ட பெயர் ஏன் என்றும் தோன்றுகிறது. அவர் கையில் கிடைத்த குடும்பம் அவர் சேர்த்ததா என்ன.

எனக்கு நிஜமாகவே உறுத்துவது ஜில்லெட்தான். 2006-ல் ஐந்து பிளேடு ரேசர் வந்தது. பிளேடு விலையைப் பார்த்து ஆண்கள் அலமாரி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரே பிளேடை வாரக்கணக்கில் இழுத்தார்கள். இதை அறிய யார் வீட்டிலும் போய்த் தங்கத் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கவனித்த கம்பெனி இதை ஏன் கவனிக்கவில்லை? என் ஊகம், லாபம் கொழுத்த இடத்தில் யாரும் எட்டிப் பார்க்க விரும்புவதில்லை, அது எவ்வளவு கூர்மையான தலைவராக இருந்தாலும். மலிவு விலையில் மாதாமாதம் பிளேடை வீட்டுக்கே அனுப்பும் சின்னக் கம்பெனிகள் 2012 வாக்கில் இணையத்தில் கடை விரித்துவிட்டன. 2017-ல்தான் ஜில்லெட் அமெரிக்காவில் விலையைக் குறைத்தது. 2019-ல் அதன் மதிப்பிலிருந்து 8 பில்லியன் டாலரைக் கணக்கில் கழித்தார்கள். லாஃப்லி ஓய்வு பெற்று அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.