ஜெபம் மருந்துச் சீட்டு அல்ல

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. ஜெபம் செய்தால் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) பலிக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகுமாம், விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாம். 2001-இல் வந்த ஆய்வு அது. கொரியாவில் சிகிச்சையில் இருந்த பெண்களுக்காக, அவர்களுக்கே தெரியாமல், வேறு நாடுகளில் இருந்தவர்கள் ஜெபித்தார்களாம். அந்தப் பெண்களில் பாதிப் பேர் கருத்தரித்தார்கள், மற்றவர்களில் கால்வாசிப் பேர்தான் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. எழுதிய மூவரில் ஒருவர் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். இன்னொருவர் வேறொரு மோசடி வழக்கில் 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நான் ஜெபிக்கிறவள். அதனால்தான் இந்த எரிச்சல். ஜெபத்தையும் மருந்துச் சீட்டில் சேர்த்துவிட்டால், பலிக்காதபோது பழி யார் தலையில் விழும்? எனக்குக் கரு கலைந்த வாரத்தில் உறவுக்கார அக்கா ஒருவர், “இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட கேட்டிருக்கலாம்மா” என்றார். ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். “மனசைப் போட்டு அலட்டிக்கிட்டா தங்காது” என்றும் சொல்வார்கள். 2011-இல் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் அந்தச் சிகிச்சைச் சுற்று பலிப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. இதைப் படித்த அன்று நிம்மதியில் நன்றாக அழுதேன்.

சரி, அப்படியானால் ஜெபம் எதற்கு? கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனைவரை ஏறக்குறைய இரண்டு வாரம். கரு தங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு வலிக்கும். மார்பு கனத்தால் கர்ப்பம் என்று தோன்றும். அதே கனத்தை அந்த மருந்தும் தரும். ராத்திரி ஒருக்களித்துப் படுத்து, உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருப்பேன். பாதி ஜெபம், பாதி சண்டை.

வேதத்தில் வரும் அன்னாளும் இப்படித்தான். பிள்ளையில்லை என்று சக்களத்தி குத்திக்காட்டுவாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்குப் பெரிதில்லையா என்பார் கணவர் எல்க்கானா (நல்ல மனிதர்தான், ஆனால் கேட்கிற கேள்வியா அது?). சத்தமில்லாமல் உதடு அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார் ஆசாரியர் ஏலி. பிறகு சாமுவேல் பிறந்ததைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது: அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் வாடியிருக்கவில்லை. அப்போது அவள் கர்ப்பமாகவில்லை. நான் ஜெபத்திடம் எதிர்பார்ப்பதும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைத்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் கரு வைக்கிறார்கள். தைராய்டு மாத்திரை, ஃபோலிக் அமிலம், ஊசி எல்லாம் நேரப்படி நடக்கும். “விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு” என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எனக்காக ஜெபிப்பதாகச் சொல்பவர்கள் தாராளமாக ஜெபியுங்கள். ரிசல்ட் வரும் தேதியை மட்டும் கேட்காதீர்கள்.