திருநீறு திறந்துவிட்ட கதவு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் குடியேறிய எங்களைப் போன்றவர்களிடம் இந்த ஊர் பழகிவிட்டதா என்று கேட்பவர்கள், பெரும்பாலும் வெயிலையும் தண்ணீர் லாரியையும் பேச்சு வழக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அவையெல்லாம் பழகிவிட்டன. எனக்குப் பழக நெடுங்காலம் பிடித்தது வேறொன்று. நான் கும்பிடும் கடவுள் இங்கே பெரும்பான்மையினரின் கடவுளாக இருந்தார்.

இலங்கையின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது; 1978இல் வந்த அரசியலமைப்பும் தன் 9ஆம் உறுப்புரையில் அதை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த நாட்டில் ஒரு சைவக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நெற்றியில் இருப்பது பக்தியின் அடையாளம் மட்டுமல்ல, பிறர் கண்ணுக்கு நாம் யார் என்று காட்டிக்கொடுப்பதும் அதுதான். கொழும்புக்குப் போகும் நாட்களில் அம்மா திருநீற்றையும் பொட்டையும் அழித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவார். வீடு திரும்பியதும் கால் கழுவுவதற்கு முன்பே சாமி அறைக்குப் போய்த் திரும்ப வைத்துக்கொள்வார். ஒரு நம்பிக்கையை இப்படி ஒளித்தும் மீட்டும் வைத்திருந்த குடும்பம், ஒவ்வொரு தெருமுனையிலும் பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் வளசரவாக்கத்துக்கு வந்து சேர்ந்தால், முதலில் வருவது நிம்மதிதான். ஆடி மாதத்து ஒலிபெருக்கிகூட முதல் ஆண்டில் இனிமையாகவே கேட்டது. (இரண்டாம் ஆண்டில் அப்படியில்லை.)

ஆனாலும் கோயிலுக்குள் போனால் அம்மா அந்நியராகத்தான் நின்றார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசை குறித்த நேரத்துக்கு நடக்கும். அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், அமைச்சருக்கும் அதே ஒரு ரூபாய்தான். இங்கே சிறப்பு தரிசனத்துக்குத் தனி வரிசையும் தனிக் கட்டணமும் இருப்பதைப் பார்த்த அன்று அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சாமியைக் கிட்டப் போய்ப் பார்க்கிறதுக்கும் காசோ, பிள்ளை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும், இந்து சமய அறநிலையத் துறையின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்த கோயிலில் ஒரு நன்மையும் உண்டு என்பதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவும் குடும்பங்களின் கையில் இருந்தவை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்ததே, அதைக் கேள்வி கேட்க எந்த அலுவலகக் கதவைத் தட்டியிருக்க முடியும்? அம்மா பதில் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் சாதி இல்லை என்று நானும் சொல்லத் துணியவில்லை.

பெரும்பான்மையாக இருப்பது என்றால் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிந்தது கோயிலில் அல்ல, வாடகை வீடு தேடும்போதுதான். இலங்கைக்காரர் என்றதுமே பலர் கதவைச் சாத்தினார்கள். காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், விசாரணை வரும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஒரு வீட்டில் மட்டும் உரிமையாளர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், கழுத்திலிருந்த உருத்திராக்கத்தைப் பார்த்தார், பிறகு சாவியை எடுத்தார். நாங்கள் படியேறியபோது ஓர் இளந்தம்பதி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தலையில் முக்காடு போட்டிருந்தார். அவர்கள் தெருவுக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு உரிமையாளர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நல்ல பசங்கதாம்மா. ரெண்டு பேரும் வேலை பார்க்குறாங்க. ஆனா நாங்க அவங்களுக்குக் கொடுக்கறதில்ல, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க." நெற்றியில் இருந்த அதே மூன்று கோடுகளை ஓர் ஊரில் அழித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினோம், இன்னோர் ஊரில் அவை மற்றவரைப் படியிலிருந்து இறக்கிவிட்டு எங்களை ஏற்றின. அந்த வீட்டுக்குத்தான் குடிபோனோம். வேறு வீடு கிடைத்திருக்காது.

இதற்குப் பிறகு சென்னையில் மத நல்லிணக்கம் பற்றி யாராவது மேடையில் பேசினால், முதலில் வாடகை வீட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று எனக்குள் ஒரு குரல் எழும். அதற்காக இந்த ஊரின் நல்லிணக்கம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில், 1795இல் வாலாஜா நவாபின் குடும்பம் கட்டிய அந்தப் பள்ளிவாசலில், ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறப்பவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. அந்த அமைப்பைத் தொடங்கியவர் நாட்டுப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர். மதத்தின் பெயரால் ஊரை இழந்த ஒருவர், தன்னைத் துரத்திய மதத்தைச் சேர்ந்தவர்களுக்கு உணவு பரிமாறலாம் என்று எப்படி முடிவு செய்தார் என்பதை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பரிமாறுகிறவர்கள் தலையில் தொப்பி அணிந்துகொள்கிறார்கள். அதனால் தங்கள் மதம் குறைந்துபோகும் என்ற கவலை அவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

என் சிக்கல் அதைவிடக் கடினமானது என்று நினைத்திருந்தேன். பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சீருடை நினைவுக்கு வரும். ஊரில் புத்தர் சிலை வந்தால் அதன் பின்னால் காவலரண் வரும், அல்லது காவலரணுக்குப் பின்னால் சிலை வரும். அந்த மதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

கொழும்பில் என்னுடன் வேலை பார்த்த சிங்களத் தோழியின் தாய் புத்தகயா யாத்திரைக்குப் புறப்பட்டு, வழியில் சென்னையில் தங்கினார். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கிக் கொடுக்க முடியுமா என்று தோழி கேட்டாள். எழும்பூர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள கென்னட் லேனில் மகாபோதி சங்கத்தின் விகாரை இருக்கிறது. இலங்கை யாத்திரிகர்கள் தங்குவது அங்கேதான். 2011 ஜனவரியில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து அதைத் தாக்கியது, பிக்குகள் காயமடைந்தார்கள். இலங்கை அரசின் மீதிருந்த கோபம் யாத்திரை வந்தவர்களின் தலையில் இறங்கியது. எங்களுக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் செயலை எங்களில் யாரிடம் கேட்டுச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய முதிய பெண்கள் தி. நகரில் வாங்கிய துணிப் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னைத் தெருவில் அந்த மொழியைக் கேட்டதும் என் நடை தானாகவே மெதுவானது. மாத்திரையை வாங்கிக்கொண்ட அம்மையார், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என் அம்மாவின் உடம்பைப் பற்றியும் அவருக்கும் இதே மாத்திரைதானா என்றும் விசாரித்தார். அன்று பௌர்ணமி. உள்ளே பாளி மொழியில் பஞ்சசீலம் என்னும் பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளைச் சொல்லும் குரல்களுக்கிடையே ஒன்று முழுக்க முழுக்கச் சென்னைக் குரலாக இருந்தது. வழிபாடு முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ராயப்பேட்டையில் பிறந்தவர், மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள் என்றார். "நாங்க யாரும் புதுசா மாறலம்மா, பழைய வீட்டுக்குத் திரும்பினோம். எங்க பண்டிதர் அப்படித்தான் சொன்னார்."

அவர் சொன்ன பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவிவிட்டு வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தியவர். 1907இல் அங்கிருந்தே பத்திரிகை தொடங்கியவர். சாதியின் கீழ்த்தட்டில் தள்ளப்பட்ட மக்களுக்கு, நீங்கள் இந்துக்களே அல்ல, இந்த மண்ணின் பழைய பௌத்தர்கள் என்று எழுதியவர். அவரை அழைத்துப் போன ஆல்காட்டோ, அடையாறில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை நிறுவியவர். 1880இல் காலியில் பஞ்சசீலம் ஏற்று, இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் பெருகக் காரணமானவர். அவர் தூண்டிய எழுச்சியின் ஒரு கிளைதான் பிற்காலத்தில் சிங்கள பௌத்தப் பெருமிதமாக வளர்ந்து எங்களை நெருக்கியது. அதே மனிதரின் துணையோடு அதே தீவிலிருந்து அதே பஞ்சசீலம் கடல் தாண்டி வந்து, சென்னைச் சேரிகளில் சாதியை எதிர்ப்பதற்கான சொற்களைக் கொடுத்தது. இந்தப் பெரியவருக்கு எந்தச் சைவம் தன் பாட்டனைத் தெருவுக்குள் விடாத மதமோ, அந்தச் சைவம்தான் எனக்குப் பதுங்குகுழிக்குள் தேவாரம் பாடித் தந்த மதம். நான் அதை அவரிடம் சொன்னேன். "இருக்கட்டும்மா, உங்களுக்கு அது துணையா இருந்துச்சு" என்றார். ஆனால் தன் கருத்தை அவர் ஒரு சொல்கூட மாற்றிக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நான் மதங்களை நல்லவை, கெட்டவை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அது எந்த ஊரில் யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது இந்தப் பழக்கம் உதவியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த 6 மதத்தவர்களை அந்தச் சட்டம் பெயர் சொல்லி அழைத்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கை என்ற நாடே இல்லாததால் இந்துவான நானும் இல்லை. உறவினர் சிலர், நம் நாட்டின் பெயரையும் சேர்த்திருக்கலாமே என்று மட்டும் வருத்தப்பட்டார்கள். மத அடிப்படையில் ஆளைப் பிரிக்கும் வரிசையில் எனக்கொரு இடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் கீழக்கரையைச் சேர்ந்தவர்கள். நோன்பு மாதத்தில் கறி போடாமல் தனிச் சட்டியில் கஞ்சி காய்ச்சி, மேலே கொத்தமல்லி தூவி, அந்த வீட்டு அக்கா அம்மாவுக்குக் கொண்டுவருவார். முதல் முறை அம்மா கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சட்டி வேறுதானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு குடித்தார். கந்தசஷ்டி விரதத்தில் மட்டும் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும், அந்த ஆறு நாளும் அவர் எதுவும் கொண்டுவருவதில்லை.

ஒருநாள் அக்காவின் கணவர், "யாழ்ப்பாணத்துல எங்காளுங்க இருக்காங்களா?" என்று இயல்பாகக் கேட்டார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே சொன்னார். 1990 அக்டோபர் மாதக் கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டதையும், வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் பேருக்கு மேல் அப்படித் துரத்தப்பட்டதையும், எங்கள் சட்டைகளைத் தைத்துத் தந்த சோனகத் தெருக்காரர் கையில் ஒரு பையோடு நடந்துபோனதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "நாங்கள் படலையிலை நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள், தம்பி. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அக்காவின் கணவர் சிறிது நேரம் கழித்து, "திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டார். சிலர் வந்தார்கள், பலர் அகதிகளாகப் போன புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள் என்றேன். அவருடைய ஒன்றுவிட்ட தங்கை குடும்பத்துக்கு விருகம்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார்களாம். எங்கள் பழைய வீட்டு உரிமையாளரிடம் நாங்கள் பேசிப் பார்க்க முடியுமா என்று அடுத்ததாகக் கேட்டார். பேசினேன். வீடு காலியாக இல்லை என்றார்.