ஆன்ம நண்பனும் எங்கள் விடுதியும்

எங்கள் கல்லூரிக்குப் பெயர் தந்த புனித பத்திரிசியார் நற்செய்தி சொன்ன நாடு அயர்லாந்து. யாழ் பொது நூலக முன்றலில் சிலையாக நிற்கிற, எங்கள் பழைய அதிபர் லோங் அடிகளார் பிறந்ததும் இங்கேதான். டப்ளினில் இருக்கிறாய், ஏதாவது எழுது என்று பழைய மாணவர் சங்க மலர்க்குழு கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, இந்த நாட்டுப் பழைய துறவிகள் 'அனம் காரா' என்று சொன்ன ஆன்ம நண்பன்தான்.

இப்போது அந்தப் பெயரை மோதிரத்தில்கூடப் பொறித்து விற்கிறார்கள். விற்கட்டும். ஆனால் அந்தக் காலத்தில் அது கடுமையான உறவு. மனதில் ஓடுவதை மூத்த துறவி ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்லும் வழக்கம் எகிப்துப் பாலைவனத்தில் தொடங்கி, ஐரிஷ் மடங்களில் வேர் பிடித்தது. மற்ற இடங்களில் பெரிய பாவங்களுக்குச் சபை அறியத் தவம் செய்த காலத்தில், இங்கே இருவர் மட்டும் தனியாக இருந்து, தேவைப்பட்ட போதெல்லாம் பேசினார்கள். ஐரிஷ் துறவிகள் போன இடமெல்லாம் அந்த வழக்கமும் போனது. 1215இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பாவங்களைக் குருவிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை ஆண்டுக்கொருமுறை கட்டாயமாக்கியது. நாங்கள் சிற்றாலயத்தில் வரிசையில் நின்றோமே, அதில் இந்த வழக்கத்துக்கும் பங்கு உண்டு.

கில்டேர் மடத்துத் தலைவி பிரிஜித்தம்மாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. தன்னோடு சாப்பிட வந்த இளம் துறவியின் ஆன்ம நண்பர் இறந்துவிட்டார் என்று அறிந்ததும், இன்னொருவரைத் தேடும்வரை இனிச் சாப்பிடாதே, ஆன்ம நண்பன் இல்லாதவன் தலையில்லாத உடம்பு என்று சொல்லிவிட்டாராம். எனக்கு அதைவிடப் பிடித்தது கியரான் கதை. 6ஆம் நூற்றாண்டில் குளொன்மக்நாய்ஸ் மடத்தை நிறுவிய அவர், இளவயதிலேயே சாகக் கிடந்தார். கிளென்டலோவிலிருந்து நண்பர் கெவின் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. கெவின் உள்ளே போனதும் கியரானின் உயிர் திரும்பி வந்து, இருவரும் பேசி, உடுப்பை மாற்றிக்கொண்டு, கியரான் தன் மணியை அவருக்குக் கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, நட்பைப் பற்றி இப்படிக் கதை சொன்ன சனத்தை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

டாலா மடத்து மேல்ரூவன் இன்னொரு ரகம். தன்னை ஆன்ம நண்பராக ஏற்கக் கேட்டு வந்தவர்களை அவர் எளிதில் சேர்க்கமாட்டார். முந்தினவரிடம் அனுமதி கேட்டாயா என்பார். ஒருவனுடைய உள்ளத்தைப் பொறுப்பெடுப்பது ஆபத்தான வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு ஒருவன்தான் ஞாபகம் வருவான். பெயர் வேண்டாம், விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் என்றால் எங்கள் வகுப்புக்குத் தெரியும். அவன் சைவம், நான் வேதம். ஞாயிறு காலையில் வீட்டுக்குக் கடிதம் எழுதுவோம், நினைவிருக்கிறதா? நான் "நான் நலம், சாப்பாடு நல்லது, படிப்பு நல்லது" என்று எழுதி மடிப்பேன். ஒருநாள் வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"இதிலை நீ எங்கையடா இருக்கிறாய்?"

பகிடியாகக் கேட்கவில்லை. பேனையையும் நீட்டிக்கொண்டே இருந்தான், எழுதும்வரைக்கும். அன்றைக்குத்தான் அம்மாவுக்கு, இரவில் நித்திரை வருவதில்லை, வீட்டு ஞாபகமாக இருக்கிறது என்று எழுதினேன். அடுத்த கிழமை அம்மா பஸ் ஏறி வந்து நின்றா.

அவன் இப்போது ரொறன்ரோவில். நான் போனில் "எல்லாம் ஓகே" என்றால் இன்றைக்கும் விடமாட்டான், அதே கேள்விதான். வருகிற கோடையில் குடும்பத்தோடு வருகிறான், கிளென்டலோவுக்குக் கூட்டிப்போகிறேன். அயர்லாந்துப் பக்கம் இருக்கிற நம் பெடியள் யாராவது சேர விரும்பினால் சங்கத்திடம் சொல்லுங்கள், வாகனத்தில் இடம் இருக்கிறது.