1000 மடங்குன்னு போட்ட பெட்டிய பாத்து வாங்காதீங்க

மலேசியாவுல கெடா மாநிலம், பாடாங் செராய் பக்கம் இப்ப நெறைய பேரு சின்ன டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் வாங்குறாங்க, ஆன்லைன்ல நூறு வெள்ளிக்குள்ளயே கிடைக்குது. நான் கூலிம்ல ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரில கியூசில, அதாவது செஞ்ச சாமான் சரியா இருக்கான்னு பாக்குற பிரிவுல இருக்கேன், நாள் முழுக்க இந்த சாமானோடதான் வேலைங்கிறதால எங்கிட்ட வந்து கேப்பாங்க, "அக்கா, இது நெஜமாவே 1000 மடங்கு காட்டுமா?"

காட்டாது தம்பி. சென்சார்ல விழுற படத்தை ஸ்க்ரீன்ல எவ்வளவு விரிக்கிறோமோ அதையும் சேத்து கணக்கு போட்டுத்தான் அந்த நம்பர் வருது, அதே படத்தை பெரிய டிவில போட்டா மடங்கு இன்னும் ஏறும், ஆனா புதுசா ஒன்னும் தெரியாது. ரொம்ப விலையான மைக்ரோஸ்கோப்புக்கே எல்லை இருக்கு. சாதாரண வெளிச்சத்துல சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கும் கிட்ட இருக்கிற ரெண்டு புள்ளிய தனித்தனியா பிரிச்சு காட்ட முடியாது, அந்த எல்லைக்கு என்ன காரணம்னு ஜெர்மனில எர்ன்ஸ்ட் அபேங்கிற விஞ்ஞானி 1873லயே எழுதிட்டாரு. மலேரியா கிருமி பாக்கணும்னா சாயம் போட்ட ரத்த ஸ்லைடு வேணும், எண்ணெய் விட்டு பாக்குற லென்ஸ் வேணும், இந்த சின்ன சாமான்ல நடக்காது.

ஆனா ஸ்க்ரீன்ல காட்டுற மைக்ரோஸ்கோப்போட அருமையே வேற, எல்லாரும் ஒன்னா சேந்து பாக்கலாம். 1970கள்ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எலெக்ட்ரானிக் பேக்டரிங்க வந்தப்ப அங்க வேலைக்கு போன பொண்ணுங்க, முடிய விட மெல்லிசான தங்கக் கம்பிய சிப்புல ஒட்டுறதுக்கு ஷிப்ட் முழுக்க ரெண்டு கண்ணையும் மைக்ரோஸ்கோப்புல வச்சு குனிஞ்சே உக்காந்திருப்பாங்க, கண்ணு எரியும், கழுத்து புடிச்சுக்கும், அதுல தெரியுறத பக்கத்துல இருக்கிறவங்களுக்கு காட்டவும் முடியாது. இன்னைக்கு நாங்க நிமிந்து உக்காந்து ஸ்க்ரீன பாக்குறோம், ஒரு கம்பி விட்டுப் போயிருந்தா லைன் லீடர், டெக்னீஷியன், இஞ்சினியர் மூனு பேரும் அதே படத்துல விரல வச்சு பேசுறாங்க. அந்தக் கம்பி வளைஞ்சு மேல எழும்பி நிக்கும், அடிப்பக்கம் போக்கஸ் ஆனா உச்சி மங்கிடும், அதனால பேக்டரில இருக்கிற மெஷினே லென்ஸ கொஞ்சம் கொஞ்சமா நகத்தி பல படம் எடுத்து தெளிவான பாகங்கள மட்டும் ஒட்டி ஒரே படமா தரும். பழைய மைக்ரோஸ்கோப்புல இதுக்கு வழியே இல்ல.

வீட்டுக்கு வாங்குன சின்னத வச்சு நான் பிள்ளைங்களுக்கு மொதல்ல காட்டுனது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை பூவுல மகரந்தம் சேக்குற வண்டு. ஆண் பூ மலந்திருக்கிறப்ப பக்கத்துல போனாலே சோம்பு வாசம் வரும்ல, அதுலதான் மொய்க்கும். இந்த வண்டு நம்ம ஊருது இல்ல, ஆப்பிரிக்காவுல கேமரூன்லேர்ந்து கொண்டாந்து 1981ல இங்க விட்டாங்க. அதுக்கு முன்னாடி பல தோட்டத்துல ஆளுங்கதான் மகரந்தப் பொடிய எடுத்துட்டு போயி பெண் பூவுல தூவணும், நம்ம பாட்டிமாருங்க எத்தனையோ பேரு செஞ்ச வேல அது. சில மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல அது மேல பூரா மஞ்சப் பொடி ஒட்டியிருக்கிறத பாத்தப்ப பழம் வெட்டுற மாமா ஒருத்தரு, "இதுதான் நமக்கு படியளக்குதா"ன்னு அப்படியே நின்னுட்டாரு. எனக்கு அன்னைக்கு மனசு நெறஞ்சு போச்சு.

மொளகாச் செடிக்கும் ரொம்ப உபயோகம். இலை மேல் பக்கமா சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், கீழ் பக்கமா சுருண்டா சிலந்திப்பேன், இதுல ரெண்டாவது வெறுங்கண்ணுக்கு தெரியவே தெரியாது. கொழுந்து இலைய திருப்பி வச்சு பாத்தா வெளுப்பா சின்னச் சின்னதா நகரும். கண்ட பூச்சி மருந்து அடிச்சா அது சாகாது, கந்தகம் மாதிரி அதுக்குன்னு இருக்கிறத அடிக்கணும், அதனால மருந்துக் கடைக்கு போறதுக்கு முன்னாடி இலைய பாத்துடுங்க அத்தை.

வாங்குறவங்க மடங்க விட்டுட்டு ஸ்டாண்ட பாருங்க, ஆடாத கனமான ஸ்டாண்டா இருக்கணும், பிளாஸ்டிக் காலு போட்டதுல மேச மேல கை பட்டாலே படம் ஓடிடும். லைட்ட கூட்டி குறைக்க முடியணும், பளபளன்னு இருக்கிற சாமான பாக்குறப்ப அது இல்லாட்டி வெறும் வெள்ளையாத்தான் தெரியும். வாங்குனதும் ஸ்கூல் ரூலர அடியில வச்சு ஸ்க்ரீன்ல எத்தன மில்லிமீட்டர் அடங்குதுன்னு எண்ணிக்கிட்டா, அதே தூரத்துல வச்சு பாக்குற எதோட அளவையும் நீங்களே கணக்கு பண்ணிக்கலாம். தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்துல ஒன்னு வாங்கி வகுப்பு டிவியோட மாட்டச் சொல்லி கேக்கப் போறேன், இங்க பிள்ளைங்க படிக்கிற வீட்டுக்காரங்க வந்து கூட சொன்னீங்கன்னா நடக்கும்.